மூலமும் உரையும் – வலைத்தளக் கலை பரவிய வரலாறு

தமிழர் கல்வி நெடுங்காலம் மூலம், உரை என்னும் இரண்டு தூண்களின்மேல் நின்றது. மாணாக்கன் ஆசிரியரிடமிருந்த ஏட்டை வாங்கி, எழுத்தாணி கொண்டு தன் ஓலையில் படி எடுத்தான். படி எடுக்கும்போதே எழுத்தும் சொல்லும் அவன் கையில் படிந்தன. பொருள் விளங்காத இடங்களில் ஆசிரியர் உரை சொன்னார். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்று மரபு கூறுவது, மூலம் ஒன்று திறந்து கிடந்தால் அதைச் சுற்றி எத்துணை அறிவு வளரும் என்பதைக் காட்டும். மூலம் மறைக்கப்பட்ட துறைகளின் நிலையோ வேறு. குடும்பத்திற்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகளும் கைத்தொழில் நுட்பங்களும் உரியவர் மறைந்தபோது உடன் மறைந்தன. மூலம் இருந்தும் உரை இல்லாத சுவடிகள் படிப்பாரின்றிப் பரணில் கிடந்தன.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வலைத்தளக் கலைக்கும் இவ்விதி பொருந்தும். பத்தே ஆண்டுகளுக்குள் அக்கலை உலகின் எல்லாக் கண்டங்களுக்கும் பரவியது. அதைப் பரப்பியவர்களுள் பெரும்பாலோர் கல்லூரியில் அதைப் பயின்றவர் அல்லர். பயிற்றுவிக்கும் கல்லூரிகளும் அப்போது மிகச் சிலவே. தாங்கள் கற்க விரும்பிய பொருளிடமிருந்தே அவர்கள் அப்பொருளைக் கற்றனர். அது எவ்வாறு இயன்றது, அந்நிலை இன்றும் நீடிக்கிறதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெனீவாவில் பிறந்த கலை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமாகிய செர்ன் அமைந்துள்ளது. பல நாட்டு அறிவியலார் அங்கு வந்து சில காலம் பணியாற்றித் திரும்புவர். அவர்களோடு அவர்கள் அறிந்த செய்திகளும் வெளியேறிவிடும். எந்தக் குறிப்பு எந்தக் கணினியில் உள்ளது என்று கண்டறிவதே பெரும்பாடாயிற்று. இக்குறையைப் போக்க, அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்து வலைபோல் பின்னுவதே அத்திட்டம். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் முதல் சேவையகமும் முதல் உலாவியும் இயங்கத் தொடங்கின.

அவர் அமைத்த குறிமொழி எளிமையின் உருவமாக இருந்தது. தலைப்பு எது, பத்தி எது, இணைப்பு எது என்பதைக் கோண அடைப்புக்குறிக்குள் இட்ட சிறு சொற்களால் காட்டுவதே எச்.டி.எம்.எல். எனப்படும் அம்மொழியின் வேலை. தொடங்கும் இடத்தில் ஒரு குறி. முடியும் இடத்தில் சாய்கோடு சேர்த்த அதே குறி. தொடக்கத்தில் வெளியிடப்பட்ட பட்டியலில் ஏறத்தாழ இருபது குறிகளே இருந்தன. அவற்றுள் பல, செர்ன் நிறுவனத்தார் தம் ஆவணங்களில் முன்பே வழங்கி வந்த குறிகளைத் தழுவியவை. ஆகவே, கற்போருக்குப் பெருஞ்சுமை ஏதுமில்லை. ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளத்தக்க மொழி என்று அதைக் கூறுவது மிகையாகாது.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பெர்னர்ஸ்-லீ ஆக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரிய கருவியாக இருந்தது. படிப்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்ற பிரிவினை அக்கலையின் பிறப்பில் இல்லை.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், செர்ன் நிறுவனம் இம்மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. எவரும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று அறிவித்தது. இம்முடிவின் அருமையை உணர, அதே ஆண்டு நிகழ்ந்த மற்றொன்றையும் அறிதல் வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கோஃபர் என்னும் அமைப்பு அப்போது வலையைவிடப் பெரும் புகழ் பெற்றிருந்தது. அப்பல்கலைக்கழகம் சேவையக மென்பொருளுக்குச் சில பயன்பாடுகளில் கட்டணம் கோரப் போவதாக 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்ததும், பலர் அதைவிட்டு வலையின் பக்கம் திரும்பினர். கதவைத் திறந்தவரிடம் கற்போர் கூடினர்.

திறந்து கிடந்த ஏடு

வலைத்தளக் கலை தானே தன்னைக் கற்பித்ததற்கு அதன் அமைப்பே அடிப்படைக் காரணமாகும். வழக்கமான மென்பொருள், மனிதர் எழுதிய நிரலிலிருந்து இயந்திரமொழிக்கு மாற்றப்பட்ட பின்னரே பயனரின் கைக்கு வருகிறது. சமைத்த உணவிலிருந்து பக்குவத்தைக் கண்டுபிடிப்பது எத்துணை அரிதோ, அத்துணை அரிது அதிலிருந்து மூலத்தை அறிவது. வலைப்பக்கம் அவ்வாறன்று. எழுதியவர் எழுதிய வரிகளையே சேவையகம் அனுப்புகிறது. அவ்வரிகளைப் படித்துப் படமாகவும் பத்தியாகவும் விரித்துக் காட்டுவது உலாவியின் வேலை. எனவே, ஒரு பக்கத்தைக் காணும் ஒவ்வொருவருடைய கணினிக்கும் அதன் மூலமும் வந்து சேர்ந்தே தீரவேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மையத்தில் மார்க் ஆண்டிரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் உலாவி 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய அவ்வுலாவியாலேயே வலை பொதுமக்களைச் சென்றடைந்தது. எழுதும் வசதி அதில் இல்லை. எனினும் பக்கத்தின் மூலத்தைக் காணும் வசதி இருந்தது. பின்வந்த உலாவிகளும் அவ்வசதியைக் கைவிடவில்லை. அழகிய பக்கம் ஒன்றைக் கண்ட இளைஞன், அதன் மூலத்தைத் திறந்தான், தன் கணினியில் படி எடுத்தான், தலைப்பை மாற்றினான், நிறத்தை மாற்றினான், ஒரு குறியை நீக்கிப் பக்கம் குலைவதைக் கண்டான், மீண்டும் இட்டுச் சீரடைவதைக் கண்டான். ஓலையில் படி எடுத்த மாணாக்கனின் கல்விமுறை, மின்திரையில் மீண்டும் உயிர் பெற்றது. துரோணரின் உருவத்தைப் பார்த்து வில் பழகிய ஏகலைவனுக்கு நேர்ந்த காணிக்கைத் துன்பமும் இவ்விடத்தில் இல்லை.

1994ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் ஜியோசிட்டீஸ் என்று பெயர் பெற்ற நிறுவனம், தனிமனிதர்க்கு இலவசமாக இடமளித்தது. பள்ளி மாணவர், இல்லத்தரசியர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் தங்கள் பக்கங்களை அதில் அமைத்தனர். கண்ணைப் பறிக்கும் நிறங்களும் ஓயாது ஓடும் எழுத்துகளும் அவற்றில் மலிந்திருந்தன என்று பிற்காலத்தார் நகைத்தனர். எனினும் ஒரு தலைமுறையின் எழுத்துப் பலகை அதுவே. 2009ஆம் ஆண்டு அச்சேவை மூடப்பட்டபோது, தன்னார்வலர் சிலர் முயன்று அப்பக்கங்களுள் ஒரு பகுதியைக் காப்பாற்றினர்.

உரையாசிரியர் தோன்றினர்

மூலம் மட்டும் போதுமா? போதாது என்பது விரைவில் தெரிந்தது. 1994ஆம் ஆண்டு ஹாகோன் வியூம் லீ முன்மொழிந்த சி.எஸ்.எஸ். என்னும் அழகமைப்பு மொழி, 1996ஆம் ஆண்டு டிசம்பரில் தரப்பரிந்துரையாயிற்று. பிரெண்டன் ஐக் என்பார் 1995ஆம் ஆண்டு பத்தே நாள்களில் முதல் வடிவத்தை ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட், அசையாத பக்கங்களை இயங்க வைத்தது. பொருளுக்கு ஒரு மொழி, தோற்றத்திற்கு ஒரு மொழி, செயலுக்கு ஒரு மொழி என மூன்றாகக் கலை விரிந்தது. நெட்ஸ்கேப் உலாவியும் மைக்ரோசாப்ட் உலாவியும் போட்டியிட்டுத் தத்தமக்கெனத் தனிக்குறிகளைப் புகுத்தியதால் குழப்பம் மிகுந்தது. பிறர் பக்கத்தைப் படி எடுத்தவன், அதிலிருந்த பிழையையும் சேர்த்தே படி எடுத்தான். ஏடெழுதுவோர் பிழையால் பாடபேதம் பெருகியதைப் போன்றதே இது.

இந்நிலையில் உரைகள் தோன்றின. மொசைக் உலாவியை உருவாக்கிய மையமே தொடக்கநிலையினருக்கென ஒரு வழிகாட்டியை வலையில் வெளியிட்டிருந்தது. 1998ஆம் ஆண்டு நார்வே நாட்டு நிறுவனம் ஒன்று டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தைத் தொடங்கியது. இடப்பக்கம் நிரலை எழுதினால் வலப்பக்கம் அதன் விளைவை உடனே காணலாம் என்ற அதன் அமைப்பு, அச்சு நூலால் தரவியலாத பயனைத் தந்தது. தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்பதைப் பலர் அறியவில்லை. அதன் பாடங்களில் பிழைகளும் பழைமைப்பட்ட செய்திகளும் உள்ளன என்று 2011ஆம் ஆண்டு நிரலாளர் குழு ஒன்று வெளிப்படையாகக் கண்டித்தது. அதன்பின் அத்தளம் பல பாடங்களைத் திருத்திக்கொண்டது. உரைக்கு மறுப்புரை எழுந்து, மறுப்பால் உரை செம்மையுற்றது.

2003ஆம் ஆண்டு டேவ் ஷே என்னும் வடிவமைப்பாளர் தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் மற்றொரு வகைப் பாடம். அதில் எச்.டி.எம்.எல். பக்கம் ஒன்றே. அதற்கு எவரும் புதிய அழகமைப்பை எழுதி அனுப்பலாம். ஒரே சொற்கள் ஒருவர் கையில் பூங்காவாகவும், மற்றொருவர் கையில் கடற்கரையாகவும் தோன்றின. பொருளையும் தோற்றத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதை நூறு விரிவுரைகளைவிட அவ்வொரு பக்கம் தெளிவாக்கியது.

2005ஆம் ஆண்டு மொசில்லா அமைப்பு, நெட்ஸ்கேப் விட்டுச்சென்ற ஆவணங்களைப் பெற்று, எம்.டி.என். எனப் பின்னர் அறியப்பட்ட கையேட்டைத் தொடங்கியது. எவரும் திருத்தக்கூடிய அக்கையேட்டிற்கு 2017ஆம் ஆண்டு முதல் கூகுள், மைக்ரோசாப்ட் போன்ற போட்டி நிறுவனங்களும் துணைநின்றன. 2008ஆம் ஆண்டு ஜெஃப் ஆட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவர் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, வினாவிடை மரபைப் புதுப்பித்தது. ஒருவர் ஐயத்திற்குப் பலர் விடை கூறுவர். கற்றோர் வாக்களித்துச் சிறந்த விடையை மேலே உயர்த்துவர். இவற்றை எழுதியோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்.

தமிழ் எழுத்து எதிர்கொண்ட தடை

ஆங்கிலத்தில் பக்கம் அமைப்பவர் மூன்று மொழிகளைக் கற்றால் போதும். தமிழில் பக்கம் அமைக்க முயன்றவர் நான்காவது ஒன்றையும் கற்க நேர்ந்தது. அதுவே எழுத்துக் குறியீட்டு முறை. தமிழ் எழுத்துகளுக்கு ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வோர் எண் வரிசையைப் பயன்படுத்தியதால், ஓர் எழுத்துருவில் எழுதிய பக்கம் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இத்தடையை உடைத்த முயற்சிகளில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் முதன்மையான பங்குண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி, 1995ஆம் ஆண்டு நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய தளத்தின் வழியாகத் தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் முன்னிற்பவர். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2000ஆம் ஆண்டு அங்கேயே உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை வலையேற்றும் தன்னார்வப் பணியாகும். அதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். கணினி அவருடைய தொழிலன்று. வலை பிறந்த ஜெனீவாவும் லோசானும் ஒரே ஏரியின் கரையில் அமைந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது. 1991ஆம் ஆண்டின் யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், கணினிகள் அதைச் செவ்வனே காட்டுவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேலாயின. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு யூனிகோடு முறையை ஏற்றது. இன்று பக்கத்தின் தலைப்பகுதியில் யு.டி.எஃப்.-8 என்று ஒரு வரி எழுதினால் தமிழ் தடையின்றித் தோன்றும். அவ்வொரு வரிக்குப் பின்னால் பலருடைய உழைப்பு உறைந்துள்ளது.

தடையாக எஞ்சியது உரையே. எழுத்துச் சிக்கல் தீர்ந்தபின்னும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், மென்பொருள் பாடங்களைத் தமிழ் ஒலியுடனும் வழங்கியது. 2012ஆம் ஆண்டு தொடங்கிய கணியம் இதழும் அதன் சார்பு நூல்களும், கட்டற்ற உரிமத்தில் தமிழ்ப் பாடங்களை வெளியிட்டன. இவை அரிய முயற்சிகள். எனினும் தேவையை நோக்கச் சிலவே.

பெருவகுப்புகளும் அவற்றின் எல்லையும்

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் தன் பாடக்குறிப்புகளை எல்லாருக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2011ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் துருன், பீட்டர் நார்விக் ஆகியோர் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஏறத்தாழ 160,000 பேர் சேர்ந்தனர். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் என்னும் பெருவகுப்பு அமைப்புகள் தோன்றின. 2011ஆம் ஆண்டு தொடங்கிய கோடகாடமி, நிரலாக்கத்தைச் சிறு சிறு பயிற்சிகளாகப் பிரித்துத் தந்தது. 2012ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க் நகரின் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் தாமும் அவ்வாண்டு நிரலாக்கம் கற்கப்போவதாக அறிவித்தார். கல்வியின் வாயில் முழுவதும் திறந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர்.

எண்கள் வேறு கதை கூறின. துருன், நார்விக் வகுப்பில் சேர்ந்தோருள் இறுதிவரை கற்றவர் ஏறத்தாழ 23,000 பேர். எட்எக்ஸ் வழியாக ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய வகுப்புகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, 2017-18ஆம் கல்வியாண்டில் சேர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே படிப்பை நிறைவு செய்தனர் என்று காட்டியது. சேர்ந்தோர் அனைவரும் முடிக்கும் எண்ணத்துடன் சேரவில்லை என்பது உண்மையே. எனினும், விரிவுரை கேட்பது வேறு, செய்து பழகுவது வேறு என்பதை அவ்வெண் உணர்த்துகிறது.

ஆசிரியராகப் பணியாற்றியபின் தாமே நிரலாக்கம் கற்ற குவின்சி லார்சன், 2014ஆம் ஆண்டு ஃப்ரீகோட்கேம்ப் அமைப்பைத் தொடங்கினார். அங்குச் சான்றிதழ் பெற விரும்புவோர் கேட்டால் மட்டும் போதாது. பக்கங்களையும் செயலிகளையும் தாமே உருவாக்கிக் காட்ட வேண்டும். சேருங் கட்டணமும் இல்லை, சான்றிதழ்க் கட்டணமும் இல்லை. அவ்வமைப்பு நிலைபெற்றதற்குச் செய்து கற்கும் அம்முறையே தலையாய காரணம் எனலாம்.

மங்கும் மூலம்

கலை வளர வளர அதன் மூலம் மங்கத் தொடங்கியது. இன்றைய பெரிய தளங்கள் பலவற்றில், எழுதுவோர் எழுதும் நிரல் அப்படியே அனுப்பப்படுவதில்லை. விரைவுக்காக இடைவெளிகள் நீக்கப்படுகின்றன. பெயர்கள் ஓரெழுத்தாகச் சுருக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒன்றாகப் பொதியப்படுகின்றன. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ரியாக்ட் போன்ற கருவிகளால் அமைந்த பக்கத்தின் மூலத்தைத் திறந்தால், சில வேளைகளில் வெறுங்கூடு ஒன்றே தென்படும். உலாவியில் உள்ள ஆய்வுக் கருவிகள் ஓரளவு துணைபுரியும். ஆயினும் தொடக்கநிலை மாணவன் படி எடுத்துப் பழகத்தக்க ஏடாக அது இல்லை.

உரையும் நிலைகுலைந்து வருகிறது. 2020ஆம் ஆண்டு மொசில்லா அமைப்பு ஆட்குறைப்புச் செய்தபோது எம்.டி.என். எழுத்தாளர் பலரும் வேலை இழந்தனர்; அப்பணியைத் தொடர 2021ஆம் ஆண்டு தனி அமைப்பு ஒன்று தோன்ற வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்டால் நிரலை எழுதித் தரும் பொறிகள் எளிதில் கிட்டின. அடுத்த மாதமே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அத்தகைய பொறி எழுதிய விடைகளைத் தற்காலிகமாகத் தடை செய்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றியும் அவற்றுள் பல பிழையாக இருந்தமையே காரணம். பின்வந்த ஆண்டுகளில் அத்தளத்தில் எழும் வினாக்களே வெகுவாகக் குறைந்தன. பலர் கூடி விடை காணும் பொதுமன்றத்தைவிட்டுத் தனியறையில் பொறியைக் கேட்கும் பழக்கம் பெருகியது. அப்பொறிகளோ, அப்பொதுமன்றங்களில் பலர் இலவசமாக எழுதியவற்றையும் படித்தே வளர்ந்தவை. புதிய விடைகளை எழுதுவோர் குறைந்தால் நாளைய பொறி எதைப் படிக்கும் என்னும் வினாவுக்கு நிறைவான விடை இன்னும் காணப்படவில்லை.

ஆசிரியர் பணி

பள்ளிக்கல்வி இக்கலையை ஏற்கத் தொடங்கியுள்ளது. மலேசியாவில் 2017ஆம் ஆண்டு இடைநிலைப் பள்ளி முதல் படிவத்தில் கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் அறிமுகமாயிற்று. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் உயர்தொடக்கநிலை மாணவர் அனைவருக்கும் நிரலாக்க அறிமுகம் உண்டு. இப்பாடங்கள் தமிழாசிரியரின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்று எண்ணுதல் பொருந்தாது.

மூலத்தை நோக்கிப் பயிலும் பழக்கம் தமிழ் வகுப்பறைக்குப் புதிதன்று. செய்யுளைப் படித்துச் சீர் பிரித்து, சொல் பிரித்து, பொருள் காணும் மாணவனுக்கு, பக்கத்தின் மூலத்தைத் திறந்து குறி பிரித்துப் பொருள் காண்பது எளிதில் கைவரும். தான் எழுதிய கட்டுரையை, தலைப்பும் பத்தியும் பிரித்து, பத்துக் குறிகளில் தானே ஒரு வலைப்பக்கமாக அமைக்க ஒரு மாணவனால் இயலும். அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. பொறி எழுதித் தரும் நிரலையும், உரையின்றி ஏற்காது, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கு நிற்கிறது என்று கேட்கும் பயிற்சியை ஆசிரியரே தரமுடியும். தான் கற்றதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்கும் மாணவன், தனக்குப் பின் வருவோனுக்கு உரையாசிரியன் ஆகிறான். தமிழில் இன்று மிகுதியும் வேண்டப்படுபவர் அத்தகையோரே.

உலகின் முதல் வலைத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே செர்ன் நிறுவனம் 2013ஆம் ஆண்டு மீட்டமைத்தது. படமில்லை, நிறமில்லை, சில வரிகளும் சில இணைப்புகளுமே உள்ளன. இன்றைய உலாவியிலும் அது குறையின்றித் திறக்கிறது. அதன் மூலத்தைத் திறந்தால், பெர்னர்ஸ்-லீ வகுத்த குறிகளை ஒரு தொடக்கநிலை மாணவனும் ஒவ்வொன்றாகப் படித்துப் பொருள் கொள்ள முடிகிறது. வகுப்பறையில் முதற்பாடமாக வைப்பதற்கு அதனினும் தக்க ஏடு வேறில்லை.